குதிரைக்கு அடியில் அழுகிறவர்

"ஐஸ்கிரீம் வேணும்... இப்பவே வேணும்..."

மட்டக்குதிரையின் வயிற்றுக்கு அடியில், வைக்கோல் மேல் மல்லாந்து படுத்து, இரண்டு கால்களையும் மாற்றி மாற்றி உதைத்தபடி அழுகிறார். ஐம்பதைத் தொடப்போகிற மனிதர். அடர்த்தியான மீசை. கண்ணீர் நிஜக் கண்ணீர். அது மீசையில் இறங்கி இரண்டு பக்கமும் பிரிந்து காதுக்குள் போகிறது. வேலிக்கு வெளியே ஒரு கணவனும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நிற்கிறார்கள். லாயக்காரர் கவிழ்த்துப் போட்ட வாளி மேல் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருக்கிறார். அவருக்கு இது பழகிவிட்டது. குதிரைக்குத்தான் புதிது. முதலில் காதைத் திருப்பியது. பிறகு வாலை ஒடுக்கியது. அப்புறம் பின்னங்கால் ஒன்றைக் கொஞ்சம் தூக்கி, கீழே வைக்கலாமா உதைக்கலாமா என்று அப்படியே நின்றது.

அழுகை பட்டென்று நின்றது. உருண்டு வெளியே வந்தார். எழுந்து, முழங்காலில் ஒட்டிய வைக்கோலைத் தட்டி, கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இது வேணாம் சார். யோசிக்குது."

"யோசிக்கிறது நல்லதுதானே?" என்றார் கணவர்.

"நீங்களும் நானும் யோசிச்சா நல்லது. இது கால தூக்கிட்டு யோசிக்குது."

குதிரைச் சந்தையில் அவருக்கு அழுமூஞ்சி என்று பெயர். நேரில் அழுமூஞ்சி அண்ணன், முதுகுக்குப் பின்னால் வெறும் அழுமூஞ்சி. இரண்டும் அவருக்குத் தெரியும், இரண்டிலும் அவருக்கு வருத்தமில்லை. சின்னப் பிள்ளைக்கு முதல் குதிரை வாங்க நினைக்கிற பெற்றோர், வாங்குவதற்கு முன் அவரைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். அந்தப் பிள்ளை குதிரையிடம் என்னென்ன செய்யுமோ அதையெல்லாம் அவர் முன்கூட்டியே செய்துவிடுவார். உதை விழுவதானால் அவர் மேல் விழட்டும் என்பதுதான் ஏற்பாடு.

தலையில் தொப்பி இருக்கும், தோளில் ஒரு பள்ளிக்கூடப் பை தொங்கும். முயல் படம் போட்டது. உள்ளே தவளைக் கண் வைத்த ஒரு குடை, நடந்தாலே சரசரக்கும் மழைக்கோட்டு, ஊதாத பலூன்கள், அழுத்தினால் கத்தும் ரப்பர் வாத்து, ஒரு பிஸ்கட் டின். டின்னுக்கு இரண்டு வேலை. பாதி பிஸ்கட் இருக்கும்போது குலுக்கினால் சத்தம், குதிரையின் பின்பக்கம் தவறவிட்டால் பெரிய சத்தம். நடுவில் அவரே ஒரு பிஸ்கட்டைக் கடித்து, ஈரக் கையைக் குதிரையின் கழுத்தில் துடைப்பார். அதற்கு முகம் சுளிக்கிற குதிரை அங்கேயே தோல்வி.

இதையெல்லாம் விட முக்கியமானவர் சின்னவர். சாக்குத் துணியில் தைத்து மணல் நிரப்பிய பொம்மை. குழந்தைச் சட்டை, குழந்தைக் கால்சட்டை, தலையில் ஹெல்மெட். அழுமூஞ்சி குள்ளமானவர்தான், ஆனால் கனமானவர். மட்டக்குதிரை மேல் அவர் ஏறினால் அது கொடுமை. எனவே சவாரி முழுக்கச் சின்னவருடையது. வாடிக்கையாளரின் பிள்ளை எடைக்கு ஏற்ப மணல் கூடும், குறையும். "நாளைக்குப் போற வீட்டுப் புள்ள கொஞ்சம் பூசினாப்ல இருக்கு, ரெண்டு கை மண்ணு போடணும்" என்று சாப்பிடும்போது சொல்வார். காரில் சின்னவருக்கு முன்சீட்டு. பெல்ட் போட்ட பிறகுதான் வண்டி கிளம்பும். அவருடைய மனைவி பின்சீட்டில் உட்காருவார்.

"ஏங்க, மண்ணு மூட்டைக்கு எதுக்குங்க பெல்ட்?"

"பிரேக் போட்டா முன்னாடி விழுந்துரும்ல."

"நான் விழுந்தா?"

"நீ கெட்டியா புடிச்சுப்ப."

அழுகை அவருக்கு வானொலியில் வந்த வரவு. நிஜக் குழந்தைகள் ஒலிப்பதிவு அறையில் சிவப்பு விளக்கு எரிந்ததும் அழமாட்டார்கள், அணைந்ததும் நிறுத்தமாட்டார்கள். அதற்காக நிலையத்தில் அவரை வைத்திருந்தார்கள். நாடகத்தில் ஒரு குழந்தை பிறந்தால் அவர்தான் பிறப்பார். இரட்டைக் குழந்தை என்றால் கூடுதல் ஒத்திகை. கடைசியில் அவருடைய அழுகையையே விதவிதமாகப் பதிவு செய்து வைத்துக்கொண்டு அவரை அனுப்பிவிட்டார்கள். அந்தச் சமயம் அவருடைய மச்சான் தன் மகனுக்குக் குதிரை பார்க்கப் போனார். துணைக்கு இவரும் போனார். வியாபாரி "பச்சப்புள்ள மாதிரிங்க" என்று சொன்ன குதிரையின் பக்கத்தில் நின்று, விளையாட்டுக்கு ஒரே ஒரு முறை வீரிட்டார். குதிரை வேலியைத் தாண்டி, சாலையைத் தாண்டி, எதிரே இருந்த நர்சரியின் ரோஜாச் செடிகளுக்கு நடுவே போய் நின்றது. மச்சான் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். தொழில் பிறந்தது அப்படித்தான்.

இன்றும் யாராவது "பச்சப்புள்ள மாதிரிண்ணே" என்றால் அவர் பதில் தயாராக இருக்கும். "பச்சப்புள்ள எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். அதனாலதான் பயப்படுறேன்."

ஆரம்பத்தில் எல்லாக் குதிரைக்கும் ஒரே பரிசோதனைதான். முதலில் குடை, அடுத்து டின், அப்புறம் பலூன், கடைசியில் வயிற்றுக்கு அடியில் அழுகை. ஒருநாள் ஒரு பழுப்புக் குதிரை முன் நின்று பைக்குள் கையை விட்டார். குடை இன்னும் வெளியே வரவில்லை. குதிரை கண்ணை மூடிக்கொண்டது. குடையை விரித்து மடக்கினார். கண்ணைத் திறந்த குதிரை, டின் எந்தப் பக்கம் விழ வேண்டுமோ அந்தப் பக்கம் தலையைத் திருப்பிக் காத்திருந்தது. அவர் டின்னைப் பைக்குள்ளேயே விட்டுவிட்டு வியாபாரியிடம் திரும்பினார்.

"டியூஷன் வச்சிருக்கீங்க."

வியாபாரி தரையைப் பார்த்தார். "வாரத்துல ரெண்டு நாள்தாண்ணே."

வினாத்தாள் வெளியாகிவிட்டது என்று தெரிந்ததும் அவர் முறையை மாற்றினார். இப்போது முதல் வேலை வாடிக்கையாளரின் வீட்டுக்குப் போவது. ஒரு டீ குடிக்கிற நேரம் உட்கார்ந்து அந்தப் பிள்ளையைப் பார்ப்பார். பெற்றோர் எல்லோரும் சொல்லி வைத்தாற்போல ஒரே பொய்யைத்தான் சொல்வார்கள். "எங்க பையன் ரொம்ப அமைதி சார்." அப்படிச் சொன்ன ஒரு வீட்டில் பையன் அந்த நேரத்தில் ஜன்னல் திரையில் தொங்கிக்கொண்டிருந்தான். அழுமூஞ்சி டீயை உறிஞ்சியபடி தலையாட்டினார். மறுநாள் லாயத்தில் அவர் அந்தப் பையனாகவே ஆகிவிட்டார். ஒரு செருப்பைக் கழற்றிக் குதிரை மேல் எறிந்துவிட்டு, அதே செருப்பு வேண்டும் என்று குதிரையிடமே அடம்பிடித்தார். குதிரையின் மூக்குத் துவாரத்தை எட்டிப் பார்த்து "உள்ள யாரு?" என்று கேட்டார். வேலியருகே நின்ற தாய்க்கு முகம் வெளுத்துவிட்டது.

"என் புள்ள இப்படியா பண்றான்?"

தாய் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கணவரிடம் மெல்ல, "இது அப்படியே உங்க தம்பி" என்றார். அந்தக் குதிரை தேறியது. அந்தத் தம்பி இன்றுவரை அந்த வீட்டுக்கு வரவில்லை என்று கேள்வி.

வெள்ளைக் குதிரைதான் வேண்டும் என்று வருகிறவர்களை அவருக்குப் பிடிக்காது. "வெள்ளை வேணும்னா சுவத்துக்கு அடிச்சுக்கங்க." குட்டியாக வாங்கிப் பிள்ளையோடு சேர்த்து வளர்க்கலாம் என்கிறவர்களை அதைவிடப் பிடிக்காது. "சின்னப் புள்ளைக்குச் சின்னக் குதிரை வாங்கலாம். சின்ன வயசுக் குதிரை வாங்கக் கூடாது. ரெண்டும் சின்னதுன்னா யாரு யார வளக்குறது?" அவருக்குப் பிடித்தவை வயதான, கொஞ்சம் சலித்துப்போன குதிரைகள். பிள்ளை விழுந்தால் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். "ஓடுறதுக்கு எல்லாக் குதிரைக்கும் தெரியும். நிக்கத் தெரிஞ்சத தேடித்தான் நான் அலையுறேன்."

அப்படி அலைந்து ஊரில் பாதிப் பிள்ளைகளைக் குதிரையேற்றிவிட்டவருக்குச் சொந்தமாக ஒரு மகள் இருக்கிறாள். கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்தவள். பேச்சு வந்த நாளிலிருந்து அவள் கேட்பது ஒன்றே ஒன்று. போன பிறந்த நாளில் அவளுடைய தலையில் கை வைத்து, அடுத்த பிறந்த நாளுக்குள் உனக்கொரு குதிரை என்று வாக்குக் கொடுத்தார். அந்த அடுத்த பிறந்த நாள் இந்த ஞாயிற்றுக்கிழமை.

இந்த ஒரு வருடத்தில் அவர் மகளுக்காகப் பார்த்து ஒதுக்கிய குதிரைகளை வரிசையாக நிறுத்தினால் சந்தைக்கு வெளியே வரை போகும். ஒன்று எல்லாப் பரிசோதனையிலும் தேறியது. கடைசியில் பெருமூச்சு விட்டது. "மனசுல என்னமோ வச்சிருக்கு" என்று அதைத் தள்ளிவிட்டார். இன்னொன்று பெருமூச்சுகூட விடவில்லை. "இது அடக்கி வைக்குது. ஒருநாள் மொத்தமா வெடிக்கும்." புள்ளிபோட்ட குதிரை ஒன்று அவர் அழ அழ நெருங்கி வந்து அவருடைய நெற்றியை நக்கியது. லாயக்காரர் வாளியை விட்டு எழுந்தேவிட்டார்.

"அண்ணே, இதுக்கு மேல ஒரு குதிரை என்னதாண்ணே பண்ணும்?"

"ரொம்ப ஒட்டுது. நாளைக்கு எம் பொண்ணு பின்னாடியே ஸ்கூலுக்குப் போயிரும்."

போன வாரம் மகள் அவரிடம் வந்தாள். அவர் சின்னவரின் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். அவள் கொஞ்ச நேரம் நின்றாள். சொல்வதற்கு முன் நிற்பது அவள் வழக்கம்.

"அப்பா, எனக்குக் குதிரை வேணாம்ப்பா."

"ஏன் கண்ணு?"

"மீனு போதும். மீனு உதைக்காதுல்ல?"

மறுநாள் காலை முயல் பையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். மதிய நேரத்தில் அவருடைய மனைவிக்குத் தொலைபேசி வந்தது. மனைவிக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை. ஒருவர் கண்ணுக்கு மாற்றி மாற்றிக் கண்ணாடித் துண்டு போட்டு "இது தெளிவா, இது தெளிவா" என்று கேட்டுக்கொண்டிருந்த நேரம். கூப்பிட்டது வண்ண மீன் விற்கிற கடை.

"அம்மா, உங்க வீட்டுக்காரரு இங்க வந்திருக்காரு. தொட்டி முன்னாடி நின்னு அழுவுறாரு."

"மீன் வாங்கத்தான் வந்திருப்பாரு."

"குடையை விரிச்சாரும்மா. தங்க மீனு எல்லாம் ஒரே மூலைக்குப் போயிருச்சு. இது வேணாம், பயந்த சுபாவம்னு சொல்லிட்டு இப்ப பக்கத்துத் தொட்டிக்குப் போறாரு."

மனைவி அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டார். மீன் கடையிலிருந்து அவரைக் கூட்டி வந்து, வரவேற்பறையில் நாற்காலியில் உட்கார வைத்து, கண் காட்ட வந்தவருக்கு எதிரே உட்காருவது போல எதிரே உட்கார்ந்தார்.

"ஊரான் வீட்டுப் புள்ளைங்கள ஒரு டீ குடிக்கிற நேரத்துல படிச்சிட்டு வந்துருவீங்க. நம்ம புள்ளைய ஆறு வருஷமா பாக்குறீங்க. எங்க, அவள மாதிரி ஒரு தடவ செஞ்சு காட்டுங்க."

"அதுக்கென்ன" என்றார் அவர். சட்டைக் கையை மடித்துக்கொண்டு தரையில் படுத்தார். கால்களை உதைத்தார். வீரிட்டார். சோபா மெத்தையைக் கடித்தார். செருப்பைத் தேடி எடுத்து எறிந்தார். திரையைப் பிடித்துத் தொங்கப் பார்த்தார். திரை கம்பியோடு வந்தது. தொழிலில் இத்தனை வருடங்களாகச் சேர்ந்த அத்தனை பிள்ளைகளும் ஒரே நேரத்தில் அந்த அறைக்குள் இறங்கிவிட்டார்கள்.

சத்தம் கேட்டு மகள் உள்ளறையிலிருந்து வந்தாள். கதவு நிலையில் சாய்ந்துகொண்டு கவனமாகப் பார்த்தாள்.

"இது யாருப்பா?"

திரையிலிருந்து தலையை வெளியே எடுத்தார். "நீதான் கண்ணு."

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். "நான் எப்ப இப்படி அழுதேன்?" சண்டைக்கு இல்லை, மறந்துவிட்டோமோ என்ற சந்தேகத்தில் கேட்டாள். கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"வெள்ளெழுத்து" என்றார் மனைவி. "தூரத்துல இருக்குறது எல்லாம் சுத்தமா தெரியுது. கிட்ட இருக்குறதுதான் கலங்குது. இந்த வயசுல எல்லாருக்கும் வர்றதுதான்."

"இப்ப என்ன பண்ணச் சொல்ற?"

"வேற வீட்டுக்குப் போனா என்ன பண்ணுவீங்களோ அத பண்ணுங்க."

சனிக்கிழமை காலை அவர் குளித்து, தேய்த்த சட்டை போட்டு, வெளியே போய், தன் வீட்டு அழைப்பு மணியைத் தானே அழுத்தினார். மனைவி கதவைத் திறந்து "வாங்க வாங்க" என்றார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வழக்கமாக உட்காரும் நாற்காலியை விட்டுவிட்டு விருந்தாளி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். நல்ல கோப்பையில் டீ வந்தது. கல்யாணப் பரிசாக வந்த அன்று அந்தக் கோப்பையை அவர் பார்த்ததோடு சரி.

"எங்க பொண்ணு ரொம்ப அமைதிங்க" என்றார் மனைவி, முகத்தில் ஒரு கோடு அசையாமல்.

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க" என்றார் அவர், பழக்கத்தில்.

பிறகு பார்க்க ஆரம்பித்தார். மகள் தரையில் உட்கார்ந்து தன்னுடைய ஷூக்கள் இரண்டையும் இடம் மாற்றி வைத்தாள். அவை எதிரெதிர்ப் பக்கம் பார்த்தன. "சண்டை" என்று ஷூக்களின் காதில் சொல்வது போல் சொன்னாள். இன்னும் ஏதோ கிசுகிசுத்தாள். கொஞ்ச நேரத்தில் சமாதானமாகி, மூக்கோடு மூக்கு ஒட்டிக்கொண்டன. இடையிடையே சட்டையின் நுனியை ஆள்காட்டி விரலில் சுற்றி, அவிழ்த்து, மறுபடி சுற்றினாள். யாரையும் கூப்பிடவில்லை. எதையும் எறியவில்லை. அலமாரி மேல்தட்டில் இருந்த படப் புத்தகம் தேவைப்பட்டபோது, நாற்காலியை இழுத்துப் போட்டு, அசைகிறதா என்று ஒரு கையால் அழுத்திப் பார்த்துவிட்டு ஏறினாள்.

"பாத்து... பாத்து பாத்து பாத்து."

விருந்தாளி எழுந்து நின்றுவிட்டார். டீ கோப்பை தரையில் கிடந்தது. அதுவரை அசையாமல் நின்றிருந்த குழந்தை திடுக்கிட்டுத் திரும்பியதில் நாற்காலி ஆடியது; அவள் அலமாரியைப் பிடித்துக்கொண்டாள். புத்தகத்தை எடுத்தாள், இறங்கினாள், உடைந்த கோப்பையைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனாள்.

மனைவி துடைப்பம் எடுத்து வந்தார். "விருந்தாளியா வந்தவங்க கொஞ்சம் சத்தம் போடாம இருந்தா நல்லாருக்கும்" என்றார்.

ஞாயிறு காலை மூவரும் கிளம்பினார்கள். சின்னவரைத் தூக்கி டிக்கியில் வைத்துவிட்டு மனைவி முன்சீட்டில் உட்கார்ந்தார். அழுமூஞ்சி ஏதோ சொல்ல வாயெடுத்தார். "பெல்ட் போட்டாச்சு, போங்க" என்றார் மனைவி.

போனது ஒரு பல் டாக்டரம்மா வீட்டுக்கு. மனைவியிடம் கண்ணாடி மாற்ற வருகிறவர். அவருடைய பிள்ளைகள் மூன்று பேரும் ஒருவர் பின் ஒருவராக ஒரே மட்டக்குதிரையில் ஏறிப் பழகி, வளர்ந்து, கால் தரையில் தட்டுகிற உயரத்துக்கு வந்து, வேறு ஊர்களுக்குப் போய்விட்டார்கள். குதிரை மட்டும் வீட்டுப் பின்புறம் துணி காயப்போடுகிற கொடிக்கு அடியில் நின்றுகொண்டிருக்கிறது. சாம்பல் நிறம். கீழுதடு தொங்கிவிட்டது. எதைச் சொன்னாலும் "பாக்கலாம்" என்று சொல்கிற முகம். விடுப்பு கேட்டால் கொடுக்காத மாதிரி இருந்ததால் பிள்ளைகள் அதற்கு மேனேஜர் என்று பெயர் வைத்திருந்தார்கள். அதன் தலைமேல் ஒரு ஈரமான துண்டு காற்றில் வந்து வந்து அடித்துக்கொண்டிருந்தது. மேனேஜர் அதைத் தட்டவும் இல்லை, நகரவும் இல்லை.

அழுமூஞ்சி உள்ளே போனார். பையைத் திறக்கவில்லை. குதிரையின் பக்கத்தில் போய்ச் சும்மா நின்றார். தன் சட்டை நுனியை எடுத்து ஆள்காட்டி விரலில் சுற்றினார், அவிழ்த்தார், சுற்றினார். பிறகு எம்பி, மேனேஜரின் காதில் ஷூக்களின் சண்டையைக் கிசுகிசுத்தார். இடது காலுக்குக் கோபம், வலது காலுக்குத் தெரியவில்லை, இப்படி. அவர் வாழ்நாளில் ஒரு குதிரையிடம் இவ்வளவு குறைந்த குரலில் பேசியதில்லை.

வேலியருகே மகள் அம்மாவின் கையைப் பிடித்தாள். "அம்மா, அப்பா என்னைய மாதிரி நிக்கிறாரு."

மேனேஜரின் கண் பாதி மூடியது. தொங்கிய உதடு இன்னும் கொஞ்சம் தொங்கியது. அழுமூஞ்சி வெளியே வந்தார். முகத்தில் ஒரு வருடமாகக் காணாத தெளிவு.

"பாஸ்" என்றார். லாயக்காரர் கேட்டிருந்தால் வாளியிலிருந்து விழுந்திருப்பார். மகள் அவர் முகத்தையே பார்த்தாள். அவர் குதிரையைத் திரும்பிப் பார்த்தார், மகளைப் பார்த்தார், மறுபடி குதிரையைப் பார்த்தார். "ஆனா..."

மகளின் விரல் சட்டை நுனியைத் தேடிப் போனது.

"ஆனாவ நான் பாத்துக்கிறேன்" என்றார் மனைவி. கணவரின் தலையிலிருந்து தொப்பியை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டார். அவர் தோளிலிருந்து முயல் பையைக் கழற்றித் தான் மாட்டிக்கொண்டார். டிக்கியைத் திறந்து சின்னவரை இடுப்பில் தூக்கி வந்து சேணத்தில் கட்டினார். கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, மூச்சை இழுத்து, ஆரம்பித்தார்.

"பாத்து. பாத்து கண்ணு. பாத்து பாத்து பாத்து. கைய விடாத. கடிவாளத்த புடி. ரொம்ப இறுக்கிப் புடிக்காத. ஐயோ, பெருமூச்சு விடுது. வேணாம், எறங்கு. எறங்காத, நான் வர்றேன். நிமுந்து உக்காரு. குனிஞ்சுக்க, துண்டு வருது."

குதிரையைச் சுற்றி ஓடினார். இரண்டு கையையும் முன்னால் நீட்டி, விழப்போகிறவரைப் பிடிப்பது போல, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் ஓடினார். அந்த ஓட்டத்தில் டின்னைத் தவறவிட்டார். அதை எடுக்கக் குனிந்து குடையை விரித்துவிட்டார். சின்னவர் ஒரு பக்கம் லேசாகச் சரிய, "நான் அப்பவே சொன்னேன்" என்று தலையில் கை வைத்துக்கொண்டு வேலியில் மோதினார். கொடியில் இருந்த துண்டு கீழே விழுந்தது.

பல் டாக்டரம்மா காப்பிக் கோப்பையோடு வாசலில் நின்றிருந்தார். இப்படிப் பிள்ளை மாதிரி நடித்துப் பார்த்துத்தான் வாங்குவார்கள் என்று அவருக்குச் சொல்லியிருந்தது. "இது எந்தப் புள்ள?" என்று கேட்டார்.

மகள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "இது புள்ள இல்ல. எங்கப்பா."

அழுமூஞ்சி அசையாமல் நின்றார். வேலியைப் பிடித்திருந்த கை அப்படியே இருந்தது.

"நான் இப்படியா பண்றேன்?"

மேனேஜர் ஒரு காதை மட்டும் மனைவியின் பக்கம் திருப்பி வைத்திருந்தது. மற்றபடி நின்ற கால் நின்றபடி, மென்ற வாய் மென்றபடி. எல்லா அப்பாக்களையும் பார்த்துவிட்ட குதிரை போலிருந்தது.

மனைவி மூச்சு வாங்க வந்து தொப்பியையும் பையையும் அவரிடம் திருப்பிக் கொடுத்தார். "நீங்க வந்தாலும் ஓடாது" என்றார்.

சின்னவர் இறக்கப்பட்டு வேலியில் சாத்தி உட்கார வைக்கப்பட்டார். அவருடைய ஹெல்மெட் மகளின் தலைக்குப் போனது. அவள் சேணத்தை ஒரு கையால் அழுத்தி, அசைகிறதா என்று பார்த்துவிட்டு ஏறினாள். ஏறியதும் முன்னால் குனிந்து மேனேஜரின் காதில் ஏதோ சொன்னாள். மனைவி கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். மேனேஜர் கோப்பில் கையெழுத்துப் போடலாமா என்று பார்ப்பது போல ஒரு கணம் நின்று, பிறகு ஒரு அடி வைத்தது.

அழுமூஞ்சி வேலிக்கு வெளியே நின்றார். கையில் முயல் பை, பக்கத்தில் சின்னவர். குதிரை இரண்டாவது அடி வைத்தது. மூன்றாவது அடியில் தரையில் ஒரு சின்ன மேடு. அதில் ஏறி இறங்கும்போது சேணத்தில் மகள் இலேசாக ஒரு பக்கம் சாய்ந்தாள். அவருடைய வாய் தானாகத் திறந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. மனைவி திரும்பிப் பார்க்கவில்லை. மேனேஜர் மட்டும் ஒரு காதை அவர் பக்கம் திருப்பியது.

அவர் பைக்குள் கையை விட்டு டின்னை எடுத்தார். மூடியைத் திறந்து, ஒரு பிஸ்கட்டை வாயில் போட்டார். போதவில்லை. இன்னொன்று போட்டார். மேலும் இரண்டை உள்ளங்கையால் அழுத்தித் திணித்தார். கன்னங்கள் இரண்டும் உப்பி, மீசையெல்லாம் தூள் ஒட்டி, கண்ணில் நீர் முட்டி நிற்க, மகள் கொடியைச் சுற்றிக்கொண்டு வருவதைப் பார்த்தார். பிறகு, இத்தனை வருடங்களாகக் குதிரைகளின் காலடியில் போட்டுப் போட்டு நசுங்கிய அந்த டின்னின் மூடியை, நான்கு பக்கமும் விரலால் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தி, சத்தம் வராமல் மூடினார்.